'நல்லாப் பாத்துக்கிறா புள்ள' என்ற சர்டிபிகேட் எங்களுக்கு வேண்டாம்

எங்கள் லயங்களில் பரீட்சை எழுதாமலே கிடைக்கிற ஒரு சர்டிபிகேட் இருக்கிறது. மாமியார் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறார், அல்லது அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் ஏலாமல் போய்விட்டது, அல்லது தாத்தாவுக்கு ஞாபகம் தப்பி நடுச்சாமத்தில் எழும்பிப் பெரட்டுக்குக் கிளம்புகிறார் என்றால், அந்த வீட்டுப் பொம்பளைகளில் ஒருத்திக்கு அது கட்டாயம் கிடைத்துவிடும். "நல்லாப் பாத்துக்கிறா புள்ள." கோயில் வாசலில் வைத்துச் சொல்வார்கள், கல்யாண வீட்டில் சொல்வார்கள். கடைசியில் சாவு வீட்டில் ஒரு தரம் சத்தமாகச் சொல்லிவிட்டு, கறுப்புக் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நாங்கள் இந்தப் பாராட்டுக்கு எதிரானவர்கள். பாராட்டுகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். ஆனால் இந்தத் தோட்டங்களில் 150 வருஷத்துக்கும் மேலாகப் பல விதமான சம்பளங்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அவற்றிலெல்லாம் மலிவான சம்பளம் இந்தப் பாராட்டுத்தான் என்பது எங்கள் கணக்கு. கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் சங்கத்துக்கும் இதனால் ஒரு சதம் செலவில்லை. வீட்டு ஆம்பளைகளுக்கோ ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை.

நாங்கள் என்றால் இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியந்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்து கலைப்பீடத்தில் படிக்கிற ஒரு சின்னக் கூட்டம். எங்கள் எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் படுக்கையில் இருக்கிறார், அல்லது இருந்தார். பேசிப் பார்த்தபோது இன்னொன்றும் பொதுவாக இருந்தது. அந்த வேலையைச் செய்கிறவருக்கு எங்கள் பேச்சில் ஒரு பெயர்கூட இல்லை. 'பராமரிப்பாளர்' என்பது அரசாங்கப் படிவத்தில் வருகிற சொல், லயத்தில் யாரும் சொல்வதில்லை. "உங்க அக்கா என்ன செய்றா?" என்று கேட்டால் பதில், "வீட்ல சும்மா இருக்கா."

அந்தச் 'சும்மா' எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்ப்போம்.

லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. படுக்கையில் இருக்கிறவருக்கு அந்தக் காம்பராவின் ஒரு சுவரைக் கொடுத்துவிட்டால் மிச்சப் பேர் கீழே படுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் இருக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்புகிறார்கள். ராத்திரியும் ரெண்டு மணித்தியாலம்தான். கக்கூஸ் லயத்துக்கு வெளியே, பல இடங்களில் படியிறங்கிப் போக வேண்டும். நடக்க ஏலாத ஒருவரை அந்தப் படியில் தூக்கிக்கொண்டு போவதா, காம்பராவிலேயே வாளி வைத்து எடுப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீடும் தானே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறது. தண்ணீர் பீலியிலிருந்து வர வேண்டும். பெரியவர்களுக்கான பெம்பர்ஸ் கடையில் உண்டு, ஒரு நாள் பேருக்குக் கிடைக்கிற காசில் ஒரு பக்கெட் வந்தால் அதிர்ஷ்டம். ஆகவே பழைய சேலையும் சாரமும். அவற்றைக் கழுவ வேண்டும், கழுவியதைக் காய வைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் எங்கள் மாவட்டங்களுக்கே உரிய தண்டனை. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தொடங்கினால் துணி காயாது. அடுப்புக்கு மேல் கயிறு கட்டிப் புகையில் காய வைத்த துணியை நோயாளிக்குப் போட்டால் தோலில் அரிப்பு, அரிப்பிலிருந்து புண். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் இன்னொரு விசேஷம்: மழை பெய்தால் பால் வெட்ட ஏலாது. அதாவது துணி காயாத அதே கிழமையில் சம்பளமும் குறையும். தேயிலைக்கு நல்லது, ஆற்றுக்கு நல்லது என்று மழையைப் பற்றிக் கவிதை எழுதுகிற நண்பர்கள் எங்களிடையேயும் உண்டு. அவர்களை ஒரு ஜூன் மாதம் அம்மாயியின் துணியைக் காய வைக்கக் கூப்பிடுகிறோம்.

இனிக் காசுக் கணக்கு.

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்குவதாகவும், அதற்கு மேல் அரசாங்கம் ஒரு நாளைக்கு 200 ரூபா வரவு ஊக்குவிப்புத் தொகை கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். நல்ல செய்தி, நாங்களும் ஃபோர்வர்ட் பண்ணினோம். ஆனால் 'வரவு' என்ற சொல்லை நிறுத்தி வாசியுங்கள். அம்மாவை மாதக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற நாளில் மகளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் 1,550 இல்லை, 200ம் இல்லை. அந்த நாளில்தான் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும், வெளியே எழுதித் தருகிற மருந்தைப் பாமசியில் வாங்க வேண்டும். வரவு குறைகிற நாளில்தான் செலவு கூடுகிறது.

இது புதுப் பழக்கமுமில்லை. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை 500 ரூபாவாக இருந்தபோதே, வரவுக்கென்று 60 ரூபா தனியாக வைத்திருந்தார்கள். 75 வீதம் வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் அது. மிச்சம் 25 வீதம் ஏன் வரவில்லை என்று அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட எந்தத் தரப்பும் கேட்டதாக எங்களுக்குத் தெரியாது. சோம்பேறித்தனம் என்று கம்பனி நினைத்திருக்கும். சங்கங்களுக்குமா தெரியாது? ஒவ்வொரு லயத்திலும் எந்தக் காம்பராவில் யார் படுத்திருக்கிறார் என்று சந்தாவுக்கு ஆள் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? 2019இல் அந்தப் 60 ரூபா அடிப்படைச் சம்பளம் கூடியதோடு காணாமல் போனது. 2021இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்தே விலகின. இப்போது வரவுக்குக் காசு என்ற எண்ணம் அரசாங்கத்தின் கையால் திரும்பி வருகிறது, நோயாளியைப் பார்க்கிறவளைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல்.

டவுனில் ஒரு கடையிலோ கந்தோரிலோ வேலை செய்கிறவருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருஷத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு அவசர லீவு உண்டு. சொந்த அலுவலுக்கு எடுக்கலாம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் எடுக்கலாம். அதே அம்மாவின் இன்னொரு மகள் மலையில் கொழுந்து பறித்தால் அவளுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஒரே நோயாளி, ஒரே கிளினிக் கொப்பி. மகன் கூட்டிப் போனால் லீவு, மகள் கூட்டிப் போனால் அரைப் பேரும் இல்லை. மகன் கூட்டிப் போவதில்லை என்பது வேறு கதை, அதற்கும் வருவோம்.

சட்டம் என்றதும் முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது, அவர்களைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. பராமரிக்காத பிள்ளைக்கு எதிராகப் போய் முறையிட ஒரு சபையும் உண்டு. நல்லது, கைவிடப்பட்டவர்களுக்கு அது தேவை. ஆனால் கைவிடாத பிள்ளைக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? விட்டுப் போனவனை இழுத்து வரக் கையிருக்கிறது, கூடவே இருக்கிறவளைத் தாங்கக் கையில்லை. முதியோர் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவானது. மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 7,500 இருந்தது 10,000 ஆனது. இதெல்லாம் நோயாளியின் பெயரில் வருகிற காசு, வரத்தான் வேண்டும். அந்த நோயாளிக்காகச் செக்ரோலிலிருந்து தன் பெயரை வெட்டிக்கொண்டவளுக்கு அஸ்வெசும படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சேமலாப நிதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பேர் விழுந்தால்தான் தொழிலாளியின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் போகும். அம்மாவைப் பார்க்க நாற்பது வயதில் வேலையை விட்ட ஒருத்திக்கு அன்றோடு அது நின்றுவிடும். தோட்டத் தொழிலாளிக்கு மாதாந்த ஓய்வூதியம் இல்லை, கடைசியில் கிடைக்கிற மொத்தக் காசுதான். ஆக இன்று பராமரிக்கிறவள் நாளைக்கு முதியவளாகும்போது அவள் கையில் ஒன்றும் இருக்காது, அவளைப் பார்க்க அவளுடைய மகள் வேலையை விட வேண்டும்.

"அந்தக் காலத்தில கூட்டுக் குடும்பம் இருந்திச்சு, எல்லாரும் சேந்து பாத்தாங்க, இந்தக் காலத்துப் புள்ளைங்கதான்..." என்று ஆரம்பிக்கிற மாமாக்கள் எங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. கூட்டுக் குடும்பம் எங்கே போனது என்று அந்த மாமாக்களிடம் மரியாதையாகக் கேட்கிறோம். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களை எண்ணிப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இங்கே. 1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன, உயிர் தப்பியவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். எங்களில் ஒருவருடைய பெரிய பாட்டி கூடலூரில் இருக்கிறார், சித்தப்பா குடும்பம் கிளிநொச்சியில், அத்தை குவைத்தில் வேறொருவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். இங்கே மிச்சமிருப்பது ஒரு அம்மாவும் ஒரு மகளும். இந்தக் காலத்துப் புள்ளைங்க கெட்டுப் போனதால் குடும்பம் சிதறியது என்று சொல்கிறவருக்கு வரலாறும் தெரியாது, தன் சொந்த வம்சமும் தெரியாது.

இதில் மொழிச் சிக்கலையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நுவரெலியாப் பக்கத்து நண்பர்களுக்கு இதன் அளவு சில நேரம் விளங்குவதில்லை. எங்கள் மாவட்டங்களில் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு மாதிரிச் சிதறிக் கிடக்கின்றன. வார்டில் தமிழ் பேசுகிற ஒருவர் இருந்தால் இருப்பார். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது, கிளினிக் கொப்பிக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தக் குளிசையை எப்போது நிறுத்துவது, காயத்தில் எந்த நிறம் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதெல்லாம் சிங்களத்தில் வேகமாகச் சொல்லப்படும். அதனால் வீட்டில் சிங்களம் கொஞ்சம் பேசத் தெரிந்த ஒரு புள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பாமல் கூட்டிப் போவார்கள். பெரும்பாலும் அது பதினைந்து, பதினாறு வயசுப் பொண்ணு. தன் அம்மாவுக்குக் கேன்சர் என்பதை டொக்டர் சொல்ல, அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளாக அந்தப் புள்ளையே நிற்கிற காட்சியை நாங்கள் கற்பனை செய்யவில்லை. பிறகு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு மாதத்துக்கு ஒரு தரம், விடியச்சாமத்தில் பஸ். ஓ.எல். பரீட்சைக்குப் போகாத பெண் பிள்ளைகளைப் பற்றி 'கல்வியில் அக்கறையின்மை' என்று அறிக்கை எழுதுகிறவர்கள் அந்த பஸ்ஸில் ஒரு தரம் ஏறிப் பார்க்கலாம்.

இவ்வளவும் இருக்கும்போது எங்களுக்கு என்ன உபதேசம் கிடைக்கிறது தெரியுமா? 'சுய கவனிப்பு.'

ஒரு பட்டறைக்கு எங்களில் சிலர் போயிருந்தோம். யார் நடத்தியது என்பது முக்கியமில்லை, எல்லாப் பட்டறையும் ஒரே ஸ்லைடைத்தான் பகிர்ந்துகொள்கின்றன போலிருக்கிறது. மற்றவர்களைக் கவனிப்பதற்கு முன் உங்களைக் கவனியுங்கள். தினமும் அரை மணித்தியாலம் முன்னதாக எழும்பி உங்களுக்கென்று ஒதுக்குங்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். அமைதியாக உட்கார்ந்து ஒரு கப் தேநீரை மெதுவாக ரசித்துக் குடியுங்கள். (தேநீராம்! கொழுந்து பறிக்கிறவளிடம்! வந்திருந்த அக்காமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நடத்துனர் உற்சாகம் என்று எடுத்துக்கொண்டார்.) ராத்திரி மூன்று தரம் எழும்பியவள் இன்னும் அரை மணித்தியாலம் முன்னதாக எழும்ப வேண்டுமாம்.

எங்களைத் தப்பாக விளங்கிக்கொள்ள வேண்டாம். பராமரிக்கிறவளின் உடம்பும் மனசும் உடைகிறது என்பது உண்மை, அதை முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். தூக்கித் தூக்கி இடுப்பு போகிறது. அம்மாவின் கிளினிக் தேதி மனப்பாடம், தன் பிரஷர் குளிசை முடிந்து மாதக் கணக்காகிறது. கோபம் வருகிறது, கோபம் வந்ததற்காக அழுகை வருகிறது. 'சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று ஒரு நிமிஷம் மனசில் ஓடிவிட்டு, அதற்காக நாலு நாள் சாமி முன்னால் நிற்கிற அக்காமாரை எங்களுக்குத் தெரியும். அந்த நினைப்பு வந்ததற்காக யாரும் பாவியாகிவிடுவதில்லை, அது நித்திரையில்லாத உடம்பு பேசுகிற பேச்சு. இதை வாசிக்கிற யாருக்காவது இப்போதே தாங்க ஏலவில்லை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்கள் சண்டை ஓய்வோடு இல்லை. ஓய்வுக்கு இன்னொரு சோடிக் கை வேண்டும். அந்தக் கையைத் தராமல் ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போவதோடுதான் சண்டை. மூச்சுப் பயிற்சி செய்யும் அந்தப் பத்து நிமிஷம் அம்மாயியை யார் பார்ப்பது என்று அந்த ஸ்லைடில் எழுதியிருக்கவில்லை.

வேறு இடங்களில் இந்தக் கையை எப்படிக் கேட்டார்கள் என்று பார்த்தால் கதை சுவாரசியமாக இருக்கிறது. இங்கிலாந்தில் 1976இல் பராமரிப்பவருக்கான கொடுப்பனவு வந்தது. கல்யாணம் கட்டிய பெண்களுக்கு மட்டும் கிடையாது. காரணம் என்னவாம்? அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள்! 'வீட்ல சும்மா இருக்கா' என்பது எங்கள் லயத்தில் மட்டும் பிறந்த வசனமில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஜாக்கி டிரேக் என்ற பெண் தன் அம்மாவைப் பார்க்க வேலையை விட்டவர். வழக்குப் போட்டார், அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றது. பத்து வருஷம், ஒரு வழக்கு. பாராட்டுக் கூட்டம் வைத்து எதுவும் மாறவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993இல் சில டொக்டர்கள் சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது ஊர் ஊராகத் தொண்டர்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கையிலிருப்பவர்களைப் பார்க்கிற வலையாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. படுக்கையிலிருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவரின் பெயரில் மாதம் 600 ரூபாய் தருகிற 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டமும் அங்கே உண்டு. மாதக் கணக்கில் நிலுவை வைக்கிறார்கள் என்ற புகாரும் கூடவே உண்டு, 600 ரூபாயில் என்ன வாங்குவது என்ற கேள்வியும் உண்டு. கேரளாவைச் சொர்க்கமாக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் காசு நோயாளியின் பெயரில் வராமல் பார்க்கிறவளின் பெயரில் வருகிறது. நிலுவையைக் கேட்டு அவளால் சண்டை பிடிக்க ஏலும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது, பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகின்றன. எங்கள் மலையில் மருந்து வீட்டுக்கு வந்தால் மாதத்துக்கு ஒரு பேர் மிச்சம். சின்ன விஷயமா இது?

"தோட்டத்தில் இதெல்லாம் நடக்காது" என்கிறவர்களுக்கு ஒரு கட்டடத்தைக் காட்டுகிறோம். பிள்ளைக் காம்பரா. அம்மாமார் மலைக்குப் போகப் பிள்ளைகளைப் பார்க்க ஆளும் இடமும் வேண்டும் என்று கம்பனிகளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. கொழுந்து பறிக்கும் கை தேவைப்பட்டதால் விளங்கியது. இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர், பயிற்சி பெற்ற பொறுப்பாளர் இருக்கிறார். பல தோட்டங்களில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பிள்ளைக் காம்பராவில் இடம் இருக்கிறது. வயசானவர்கள் கூடிவிட்டார்கள். அதே கட்டடத்தின் ஒரு பக்கத்தில் பகலுக்கு மட்டும், நடமாடக் கூடிய முதியவர்களை வைத்துக்கொள்ள ஒரு இடம், ஒரு ஆள், மதியச் சாப்பாடு. தாத்தா அங்கே இருந்தால் மகள் நிம்மதியாகப் பேர் போடுவாள். கொழுந்து குறைகிறது, ஆள் வருவதில்லை என்று அழுகிற தொரைமாருக்கு இந்தக் கணக்கு விளங்க எவ்வளவு நேரமாகும்?

அதைவிட எங்கள் கைக்கே எட்டுகிற ஒன்று இருக்கிறது: மரணாதார சங்கம். எங்கள் தோட்டங்களில் பாருங்கள், எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். மாதம் தவறாமல் சந்தா. சங்கத்துக்கென்று கதிரைகள், கூடாரம், பெரிய சட்டிபானை. ஒருவர் செத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கூடாரம் எழும்பும். ஆளுக்கொரு வேலை, பெட்டிக்குக் காசு, மூன்று நாள் சாப்பாடு. செத்தவருக்கு இவ்வளவு அழகாக ஒன்றுசேரத் தெரிந்த சனம் உலகத்தில் குறைவு என்றே நினைக்கிறோம். ஆனால் அந்த ஆள் சாவதற்கு மூன்று வருஷம் எடுத்தாரே, அந்த மூன்று வருஷமும் கூடாரம் எங்கே இருந்தது? சங்கத்தின் காசில் ஒரு சக்கர நாற்காலி, ஒரு கொமோட் கதிரை, ஒரு தண்ணி மெத்தை வாங்கி வைத்தால் ஒரு வீட்டில் தேவை முடிய அடுத்த வீட்டுக்குப் போகும். கிழமைக்கு ஒரு பின்னேரம் முறை வைத்து ஒரு ஆள் போய் உட்கார்ந்தால் அந்த வீட்டுப் பொம்பளை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வருவாள், அல்லது சும்மா நித்திரை கொள்வாள். உண்மையான 'சும்மா'. இதை எங்கள் தோட்டம் ஒன்றில் சொல்லிப் பார்த்தோம். "உசுரோட இருக்கும்போதே மரண சங்கத்து சாமான வீட்டுக்குள்ள கொண்டு வர்றதா, அபசகுனம்" என்றார் ஒரு தாத்தா. சரி, பெயரை மாற்றிக்கொள்வோம் என்றோம். இன்னும் பேச்சு ஓடுகிறது.

ஆம்பளைகள் விஷயத்துக்கு வருவோம். "ஆம்பளைக்கு ஏலாது, பொம்பளக் கை மாதிரி வராது" என்பதுதான் வழக்கமான வாதம். ஐம்பது கிலோ கொழுந்து மூட்டையை லொறியில் ஏத்துகிற கைக்கு ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்க வைக்க ஏலாதாம். ஆஸ்பத்திரி வார்டில் ஆளைத் தூக்குவது, கழுவுவது, தள்ளுவண்டியில் கொண்டுபோவது எல்லாம் ஆண் சிற்றூழியர்கள் சம்பளத்துக்குச் செய்கிற வேலை. சம்பளம் இருந்தால் ஆம்பளைக்கு ஏலும், இல்லாவிட்டால் அது பொம்பளக் கையின் விசேஷம். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி மாதம் பத்தாயிரம் அனுப்புகிறான் என்றால் அவன் 'குடும்பத்தைப் பாக்கிறான்'. 24 மணித்தியாலமும் பக்கத்தில் இருக்கிற அக்கா அவன் காசில் 'சாப்பிடுறா'. காசு அனுப்புவதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை, அது இல்லாமல் மருந்தே இல்லை. வருஷத்தில் தீபாவளிக்கு வருகிற நாலு நாளில் ரெண்டு ராத்திரி அந்தப் பாயில் நீ படு, அக்கா அடுத்த வீட்டில் போய் நித்திரை கொள்ளட்டும். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

"பெத்தவங்களப் பாக்கிறதுக்குக் காசு கேக்கிறீங்களா, இது யாவாரமா?" இந்தக் கேள்வி இந்தப் பதிவின் கீழேயும் வரும், தெரியும். அம்மாவிடம் யாரும் காசு கேட்கவில்லை. அம்மாவின் முதுகெலும்பை நாற்பது வருஷம் எடுத்துக்கொண்ட கம்பனியிடமும், ஒவ்வொரு கிலோ தேயிலையிலிருந்தும் டொலர் எண்ணிய நாட்டிடமும் கேட்கிறோம். பாசம் எங்களிடம் நிறையவே இருக்கிறது, குறைந்திருப்பது நித்திரை.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வார்த்தை. 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் மெடிக்கல் கொடுக்கலாம். அம்மாவுக்கு ஒப்பரேஷன், வார்டில் நிற்க வேறு ஆளில்லை என்றால் அதற்குப் படிவம் இல்லை. எங்கள் பேட்ச் தோழி ஒருத்தி ஒரு முழு செமஸ்டரை அப்படி இழந்தாள். கந்தோரில் அவளிடம் கேட்ட கேள்வி: "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" இருந்திருந்தால் அவள் அங்கே நின்றிருக்க மாட்டாள் என்பது ஒரு பட்டதாரிக்கு விளங்க வேண்டாமா? மலையில் தொரை வைத்திருக்கிற வரவுக் கணக்கும் பீடத்தில் வைத்திருக்கிற வரவுக் கணக்கும் ஒரே கொப்பிதான் போலிருக்கிறது.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மழைக்காலம் வருகிறது. 2016 மே மாதம் புளத்கொஹுப்பிட்டியவில் களுப்பஹன தோட்டத்து லயத்தை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் கேகாலை மாவட்டம் மறுபடி சரிந்தது. இப்போதெல்லாம் எச்சரிக்கை வருகிறது, சிவப்பு அறிவித்தல் வந்தால் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். போகச் சொல்வது சுலபம். ராத்திரி பதினொரு மணிக்கு, கொட்டுகிற மழையில், படுக்கையிலிருக்கிற மாமியாரையும் கெத்தீட்டர் பையையும் தூக்கிக்கொண்டு ஒரு பெண் தனியாக எந்த வழியால் போவது? போய்ச் சேர்ந்தால் அங்கே ஸ்கூல் மண்டபத்து நிலம், கக்கூசுக்கு வரிசை. அதனால்தான் சிலர் அறிவித்தல் வந்தும் போகாமல் இருக்கிறார்கள், பிடிவாதத்தில் இல்லை. எங்கள் நாலு தோட்டங்களில் எந்தக் காம்பராவில் நடக்க ஏலாத ஆள் இருக்கிறார், தூக்க யார் யார் வருவார்கள் என்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறோம். கிராம சேவகரிடம் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்துப் போய்க் கேட்டோம். இல்லை. தோட்டக் கந்தோரிலும் இல்லை.

உங்கள் தோட்டத்தில் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு முதல் லயத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் ரெண்டு பெயர் எழுதுங்கள்: படுத்திருப்பவருடைய பெயர், பார்த்துக்கொள்கிறவருடைய பெயர்.